பெண் பூவுக்குக் கட்டிய பை

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சித் தோட்டத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கஞ்சா இனத்தில் போதை இல்லாத நார்ச்செடி. அரசு அனுமதியோடு வளர்த்தோம். இருந்தும் ஊரில், பிச்சாட்டூரில், அப்பாவிடம், என் நைனாவிடம், "சணல் மாதிரி ஒண்ணு" என்றுதான் சொல்லியிருந்தேன்.

அந்தச் செடியில் ஆண் தனி, பெண் தனி. கணுவில் உருண்டை மொட்டுகள் கொத்தாகத் தொங்கினால் ஆண். பச்சை உறையிலிருந்து இரண்டு வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருந்தால் பெண். ஆண் மொட்டு வெடிக்குமுன் பிடுங்காவிட்டால் தோட்டம் முழுக்கக் கண்டபடி விதை கட்டிவிடும். அலிபிரி பக்கம் என்னோடு ஒரே அறையில் இருந்த, அதே தோட்டத்தில் வேலை செய்த தோழிக்கு இதையெல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

இரண்டாம் வருடம் ஒரு பெண் செடியைத் தேர்ந்தெடுத்தேன். நல்ல நீள நார். தண்ணீர் காட்டாமல் வாட்டியபோது மற்ற பெண் செடிகளில் அங்கங்கே ஆண் பூ முளைத்தது. இதில் ஒன்றுகூட இல்லை. வேறு மகரந்தம் படாதபடி பூக்களைப் பை கட்டி மூடினேன். பொருத்தமான ஆணின் மகரந்தத்தையும் டப்பாவில் எடுத்து வைத்தேன். அப்போது பார்த்து நைனாவுக்குக் கண் ஆபரேஷன்.

"நான் பாத்துக்கினு இருக்கேன், நீ போடி" என்று தோழி பஸ் ஏற்றிவிட்டாள்.

ஐந்து நாள் கழித்து வந்து பையை அவிழ்த்தேன். இழைகள் பழுத்துச் சுருங்கியிருந்தன. உறைகள் உப்பத் தொடங்கியிருந்தன. கலப்பு செய்தவர் பெயர் எழுதும் அட்டையில் அவள் பெயர்.

"நேத்து பாத்தா இழை வாடிப் பூட்ச்சுடி. வீணாப் போவுதேன்னு நானே தூவிட்டேன்."

மகரந்தம் படாத இழை இரண்டு வாரமாவது வெள்ளையாக நிற்கும். அவளுக்கும் தெரியும். விதை முற்றும் நாளைக் கணக்கிட வேண்டும் என்பதால் அட்டையில் தேதி மட்டும் சரியாகப் போட்டிருந்தாள். நான் பஸ் ஏறிய அதே நாள்.

"தேதி இன்னா போட்டுக்கிறே, நீயே படி."

அவள் பையைத் திரும்பக் கட்டினாள்.

தோட்டத்தை நடத்திய பேராசிரியரிடம், அந்தச் செடியைத் தேர்ந்த குறிப்புகள் இருந்த என் நோட்டைக் கொண்டுபோனேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். சொன்னேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த விதைகள் அவள் பெயரிலேயே பதிவாயின. அடுத்த நடவில், அந்த நாற்றுகளில் ஆண் செடிகளைப் பொறுக்கும் வேலை எனக்கு வந்தது. எதுவும் நடக்காததுபோல் அவள் ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, "இது ஆணாடி?" என்று கேட்டாள்.

ஆண்தான். பிடுங்கிப் போட்டேன். அந்த மாதமே வேலையை விட்டேன்.