அட்டையக்கா எழுதிய ஒரே பொய்

வானொலி நிலையத்தின் இசைத்தட்டு அறையில் அட்டையக்கா கழித்தது முப்பத்தோரு வருஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லாருக்கும் அவள் அட்டையக்காதான். வாத்தியக் குழு இசைத்தட்டு புதிதாக எது வந்தாலும் முதலில் அவள்தான் உட்கார்ந்து கேட்பாள். பிறகு ஓர் அட்டையில் மூன்றே வரி எழுதுவாள்: வேகம், சுருதி, மனநிலை. மேஜர் சுருதி என்றால் பெரும்பாலும் முகம் மலரும், மைனர் என்றால் தொண்டை அடைக்கும், அவ்வளவுதான் சங்கதி என்பாள். காலையில் எதைப் போடுவது, மத்தியானம் எதைப் போடுவது என்று அறிவிப்பாளர்கள் தட்டைக் கேட்டுப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்ப்பார்கள். அக்கா எழுதிவிட்டால் அப்பீலே கிடையாது.

ஆஹா, அது என்ன அறை தெரியுமா! ஜன்னலுக்குக் கனத்த திரை, உறைகளின் பழைய காகித வாசனை, ஊசி தட்டில் இறங்கும்போது வரும் அந்தச் சின்னக் கரகரப்பு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கரகரப்பை நினைத்தால் அவளுக்கு மனசு என்னவோ செய்யும்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு அட்டையில் வேண்டுமென்றே பொய் எழுதினாள்.

அது நிலையத்தின் சொந்த வாத்தியக் குழு வாசித்த தட்டு. துள்ளல் வேகம், டி மேஜர், மகிழ்ச்சி. கடைசிப் பகுதியில் ட்ரம்பெட் ஊதியது அவளுடைய தம்பி. தட்டு வந்த மறுவருஷமே அப்பாவோடு வாய்ச்சண்டை முற்றி, ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிப் போய்விட்டான். ஒரு கடுதாசிகூட இல்லை. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் அந்தத் தட்டு வந்தது. அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள், அழுதாள், அப்படி அழுதாள். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனதும் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள்: மெதுவான வேகம், டி மைனர், துயரம். துயரம் என்று போட்டால் துக்க நாளில் மட்டும்தான் எடுப்பார்கள். அதற்கும் வழக்கமான ஆறு தட்டு தனியாக இருந்தது. ஏழாவதை யார் சீந்தப் போகிறார்கள்?

பன்னிரண்டு வருஷம் ஒருவரும் சீந்தவில்லை.

அப்புறம் நாட்டின் முன்னாள் தலைவர் ஒருவர் காலமானார். ஒரு வாரம் துக்கம் என்று அறிவித்தார்கள். நாலாம் நாள், அதே ஆறு தட்டையும் போட்டுப் போட்டு அலுத்துப்போன அறிவிப்பாளர், துயரம் என்று எழுதிய அட்டைகளை அடுக்கியிருந்த பெட்டியிலிருந்து ஏழாவது அட்டையை உருவினார். அக்கா அப்போது கேன்டீனில் டீ ஆற்றிக்கொண்டிருந்தாள். சுவர் ஸ்பீக்கரில், "தேசத்தின் கண்ணீரோடு அடுத்து..." என்று அவர் குரல் தழுதழுத்தது. அடுத்த நொடி கல்யாண வீடு மாதிரி டமடமவென்று கிளம்பியது பாருங்கள்!

டீயைப் போட்டது போட்டபடி ஓடினாள். ஒலிபரப்பு அறையில் அறிவிப்பாளர் பேயறைந்த மாதிரி நின்றார். அக்கா தன் கையாலேயே ஊசியைத் தூக்கினாள்.

"அக்கா, நீங்க எழுதினதைத்தானே நம்பினேன்! என் வேலை போச்சே!"

"உங்க வேலை எங்கேயும் போகாது. தெரிஞ்சேதான் எழுதினேன். தப்பு என்னுது."

இயக்குநரிடமும் அதையேதான் சொன்னாள். அவர் குதி குதியென்று குதித்து, மெமோவும் கொடுத்தார். அதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை. அம்மா கேட்டிருப்பாளே, என்ன ஆனாளோ என்பதுதான் மனசெல்லாம்.

வீட்டுக்குப் போனால், அம்மா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு திருகிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"என்னத்தடி வேலை பாக்கிறீங்க அங்கே? பன்னெண்டு வருஷமா இதுக்காகத்தான் ரேடியோவைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன். உன்கிட்ட கேக்கலாம்னா, தம்பி பேரை எடுத்தாலே உன் மூஞ்சி சுருங்கிடுது. இன்னிக்குத்தான் வந்துச்சு. என் புள்ளை ஊத வர்றதுக்குள்ள நிறுத்திட்டாங்க! எந்தப் பாவி பாத்த வேலை?"

"நான்தாம்மா."

நின்ற இடத்திலேயே அட்டையக்கா எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "நீ அழுவியேன்னுதாம்மா மாத்தி எழுதினேன்..."

அம்மா ரேடியோவை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். திட்டக்கூட அவளிடம் தெம்பில்லை.

"அழுதா அழுதுட்டுப் போறேன். அவனை நினைச்சு அழறதுக்கு எனக்கு வேற என்னடி இருந்துச்சு?"