உத்தரத்துக்குள் எழுதிய பெயர்கள்

சிம்பாங் அம்பாட்டில் பழைய இரும்பு வாங்கும் கிடங்கில் லோரி ஓட்டும் முருகன் போன வாரம் போன் செய்தான். "அக்கா, உங்க பழைய கம்பெனி கிரேன் ஒண்ணு வந்திருக்கு. நாளைக்கு வெட்டப்போறாங்க. பாக்கணும்னா வாங்க லா."

முட்டிவலிக்காரிக்கு இரும்புக் கிடங்கில் என்ன வேலை என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்டால் கேட்கட்டும் என்று கிளம்பிப் போனேன். கேஸ் வைத்து இரும்பு அறுக்கும் வாடை மூக்கில் ஏறியதுமே என் மனசு புக்கிட் தெங்காவுக்குப் போய்விட்டது.

அங்கேதான் எங்கள் கம்பெனி இருந்தது. தகரக் கொட்டகையில் இரண்டு டன் தூக்கும் கிரேனில் தொடங்கி, பத்து டன்வரை வளர்ந்தது. எங்கள் சீன முதலாளியைத் தவுக்கே என்போம். அவரே வரைபடம் போடுவார், பெயிண்டும் அடிப்பார். நான் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவருடைய கோணல் எழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்துதான் எனக்குக் கண் கெட்டது. புத்தி கெட்டதற்கு அவர் பொறுப்பில்லை.

கூரைக்குக் கீழே குறுக்காக ஓடும் கிரேனின் உத்தரம் என்பது நாலு தகடுகளை ஒட்டிய நீளப் பெட்டி. உள்ளே காலி. கடைசித் தகட்டை மூடுமுன் வேலை செய்த எல்லாரும் உள்ளே சோக்கில் பெயர் எழுத வேண்டும். தவுக்கே வைத்த பழக்கம் அது. பில் அடித்த என்னையும் விடமாட்டார். யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டால், கிரேனுக்குத் தெரியும் என்பார்.

முதல் பத்து டன் கிரேனை ஓட்டிக் காட்டிய அன்று, வாங்க வந்தவர்கள் கீழே நின்றார்கள். அது நகர்ந்ததும் உத்தரத்துக்குள் டொக், டொக் என்று சத்தம். இந்த ஆர்டர் போனால் கம்பெனியே போச்சு.

வெல்டர் ஆரோக்கியம் அண்ணன்தான் முன்னால் வந்தார். மூன்று பிள்ளைக்காரர். "என் சுத்தியல்தான், தவுக்கே. உள்ளயே வெச்சு மூடிட்டேன்." அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் யாருடையது என்று சொல்லியிருக்கவே முடியாது.

வந்தவர்கள் மூன்று நாள் தவணை கொடுத்தார்கள். தகட்டை வெட்டித் திறந்து சுத்தியலை எடுத்தோம். அண்ணன் உள்ளே கைவிட்டுத் தன் பெயரைச் சட்டைக்கையால் அழித்தார். "இதுல எம்பேரு வேணாம்மா" என்றார் என்னிடம். தவுக்கே பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "பாலிக் டுலு லா, ஆரோ" என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்து, நான் கழிவறையில் நின்று அழுதேன். அன்று மாலை வேறொரு வெல்டர் தகட்டை மூடினார்.

மறுநாள் காலை தவுக்கேயின் காரிலிருந்து அண்ணன் இறங்கினார். ஒரு திட்டு இல்லை, சம்பளப் பிடிப்பு இல்லை. அப்படி ஒரு முதலாளியை நான் அப்புறம் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும், ஓய்வு பெறும்வரை எந்த உத்தரத்திலும் பெயர் எழுதவில்லை. தவுக்கேயும் வற்புறுத்தவில்லை.

கிடங்கில் கிடந்த உத்தரத்தின் நடுவே ஒட்டுப்போட்ட தழும்பு இருந்தது. அதேதான். "இந்த இடத்துல வெட்டச் சொல்லு தம்பி" என்றேன்.

தகடு விழுந்தது. சூடு ஆறியதும் முருகன் போன் விளக்கை உள்ளே பிடித்தான். சோக்கு எழுத்துகள் அப்படியே இருந்தன. என் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன், வெட்கக்கேடு. அதற்குக் கீழே சட்டைக்கை தேய்த்த வெள்ளைத் தடம். அந்தத் தடத்தின் மேலேயே, ஆரோக்கியம் என்று ஆங்கில எழுத்தில் யாரோ திரும்ப எழுதியிருந்தார்கள்.

அந்தக் கோணல் எழுத்தை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணன் இது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். தவுக்கேயும் போய்விட்டார். எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பார்சல் கிடங்கு.

"வெட்டலாமாக்கா?" என்றான் முருகன். கொஞ்சம் இருக்கச் சொல்லிப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.