புழு வைத்த நெத்திலி

செய்தி வந்தபோது நான் என் கடையில், வேறொருவர் வீட்டுச் சண்டையைச் சுவையாக விவரித்துக்கொண்டிருந்தேன். பழவேற்காடு பஜாரில் என் ஜெராக்ஸ் கடைக்கு அதுதான் முக்கிய வியாபாரம். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து தேசம்மாக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா பூடுச்சு மாமா. மாரடைப்பு. அது சொன்னபடியே எழுதிடுங்க."

அக்காவிடம் மீன் வாங்கிய உங்களுக்கெல்லாம் அவர் குரல் தெரியும். எங்கள் நட்பு தொடங்கிய இடம் தெரியாது. அது சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி, எச்.ஐ.வி. மாத்திரை தரும் வரிசை. பக்கத்தில் வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, பல் வைத்தியம் என்று சொல்லிவிட்டு மாதாமாதம் அங்கே போய்வந்தேன். ஒருநாள், முன்னால் நின்றவர் திரும்பினார்.

"இன்னா தம்பி, நாலு வருஷமா ஒரே பல்லா?"

அவரும் மாத்திரைக்குத்தான் வந்திருந்தார். "நீ என்னைப் பாக்கல, நான் உன்னைப் பாக்கல" என்று அங்கேயே ஒப்பந்தம் போட்டார். ஊர் ரகசியங்களையெல்லாம் நகலெடுத்து விநியோகித்த நான், காப்பாற்றியது அந்த இரண்டைத்தான்.

பிறகு கொரோனா. பஸ் நின்றது. என்னிடம் ஆறு மாத்திரை. ஒருநாள்கூட விடக்கூடாது என்பது டாக்டர் சொல்லியனுப்பும் முதல் வார்த்தை. வண்டியில் கிளம்பினேன், வழியில் போலீஸ்காரர் மறித்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருப்பார். ஆனால் பின்னால் நம்மூர்க்காரர் இருவர் நின்றிருந்தார்கள்.

"பல்லு வலி சார்."

"உப்புத்தண்ணி கொப்பளி, போ."

மறுநாள் அக்கா வந்தார். "எத்தினி கீது?"

"அஞ்சு."

"மாத்திரை புக்கைக் குடு. மீன் வண்டியை மட்டும்தான் உடறானுங்கோ."

பசியாவரத்தில் இன்னும் இரண்டு பேருடைய புத்தகங்களையும் வாங்கிக்கொண்டு, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து சென்னை போனார்.

என்னிடம் ஒரே ஒரு மாத்திரை மிச்சமிருந்த நாளில், கடைமுன் கூடை இறங்கியது. நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம். அதற்குள் இரண்டு மாதத்து மாத்திரை டப்பாக்கள். பக்கத்துக் கடை பாய் எட்டிப் பார்த்தார். "யம்மா, அந்தப் பொட்டலத்தை எனக்குக் குடு." என் உயிர் அவர் கைக்கும் கூடைக்கும் நடுவே நின்றது.

அக்கா அசரவில்லை. "அது புழு வெச்சது பாய். இந்த ஆளுக்கு இன்னா தெரியப் போவுது, துன்னட்டும்."

அன்று முதல் ஊரில் நான் புழுக் கருவாடு தின்பவன். மாத்திரையும் கருவாடாகத்தான் நாறியது. ஒன்றைக்கூட விடவில்லை.

உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று பின்னொருநாள் அக்காவிடம் கேட்டேன். "செத்தப்புறம் பேரைப் போட்டே எழுது. உயிரோட இருக்கசொல்ல மீன் விக்கணுமில்ல?" என்று சிரித்தார்.

எழுதிவிட்டேன் அக்கா. உங்கள் பேரை மட்டும் போட்டுவிட்டு நான் ஒளிந்துகொண்டால் இது வழக்கமான என் வம்பாகிவிடும். எனக்கென்று மிஞ்சியது, காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த காலி மாத்திரை டப்பா ஒன்று. இன்னும் நெத்திலி வாடை போகவில்லை. இன்று காலை அதை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தேன்.

"இன்னாபா இது?" என்றார் பாய்.

"அன்னிக்கு நீங்க கேட்ட பொட்டலம் பாய்" என்றேன்.