டிங்கர் அத்தானின் இடது காது

என் அக்காவின் கணவரை எல்லா இடத்திலும் டிங்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க பட்டறையில் நசுங்கிய கார் கதவுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மண்டபத்தில் பழைய ஹிப்ஹாப் பாட்டுகளைப் போட்டு ஒரு கூட்டத்தையே ஆட வைப்பார். அங்கேயும் அவர் டிஜே டிங்கர்தான். எனக்கு அத்தான். அக்கா 'என்னங்க' என்பாள், கோபம் வந்தால் 'டிஜே சார்' என்பாள். அநேகமாக அவர் அந்த வீட்டில் டிஜே சாராகத்தான் இருந்தார்.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நான் அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தபோது அவர் புதுமாப்பிள்ளை. எனக்கு மனிதர்களிடம் பேச வராது, ஆனால் சும்மா உட்கார்ந்து பார்க்க வரும். அவரோ ஓயாமல் பேசுவார். அப்படித்தான் அந்தக் கார் கதையைத் தெரிந்துகொண்டேன். அவர் வேலை பழகிய காலத்தில் பட்டறைக்கு ஒரு கார் வந்ததாம். அதன் டேப்பில் ஒரு கேசட் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. சாவியைத் திருகினால் அந்த ஒரே பாட்டு. பாட்டு என்றால் ராகம் போட்டு இழுப்பது இல்லை, ஒருத்தன் மேளத்தின் மேல் ஏறி நின்று மூச்சு விடாமல் பேசுகிற மாதிரி. கதவை நிமிர்த்தி முடித்த பிறகும் அத்தான் காரை விடவில்லை. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் காரின் சொந்தக்காரர் சண்டைக்கு வந்துதான் எடுத்துப் போனாராம்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கால் நீட்ட முடியாது. இசைத்தட்டுப் பெட்டிகள். துணி அலமாரியின் கீழ்த்தட்டும் அவருக்குத்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டிரண்டு தட்டு வாங்குவார். ஒன்று உடைந்தால் இன்னொன்றா என்று அக்கா கேட்டதற்கு அவர் இரண்டு ரெக்கார்ட் பிளேயர்களையும் சுழலவிட்டுக் காட்டினார். பாட்டின் நடுவில் ஓர் இடத்தில் பாடுகிறவர் வாயை மூடிக்கொள்வார், மேளம் மட்டும் தனியாக வரும். கொஞ்ச நேரம்தான். அது முடிவதற்குள் இரண்டாவது தட்டில் அதே மேளத்தைத் தொடங்கிவிட வேண்டும். அது ஓடும்போது முதல் தட்டைப் பின்னால் சுற்றித் தயாராக வைக்க வேண்டும். இப்படி மாற்றி மாற்றி, அந்தக் கொஞ்ச நேரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டலாம். ஆடுகிறவர்கள் காத்திருப்பது அந்த இடத்துக்குத்தான்.

அதற்கு இரண்டு காதும் வேண்டும். ஒரு காதில் ஹெட்போன், அதில் அடுத்து வரப்போகும் பாட்டு. இன்னொரு காது மண்டபத்துக்கு. இரண்டும் ஒன்றாகத் துடிக்கும்போது தட்டிலிருந்து கையை எடுக்க வேண்டும்.

அத்தானின் இடது காது போய்விட்டது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன். சாப்பிடும்போது எல்லோரும் வலது பக்கம் வருகிற மாதிரி சுவர் ஓரத்து நாற்காலிக்கு மாறினார். ஹெட்போன் இடது காதிலிருந்து வலது காதுக்குப் போனது. அக்கா அவருடைய இடது பக்கம் படுப்பவள், இடது பக்கம் நடப்பவள். அவள் கேட்பதற்கெல்லாம் அவர் பேசாமல் இருந்தார், அல்லது சம்பந்தமில்லாமல் சிரித்தார். தன்னை மதிப்பதே இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "காதை யாருக்காவது வாடகைக்கு விட்டுட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். அதையும் அவர் இடது பக்கத்தில் நின்றுதான் கேட்டாள்.

சுத்தியல் சத்தத்தில் போன காது, திரும்பாது. அவர் ஏன் மறைத்தார் என்பதும் எனக்குப் புரிந்தது. மண்டபத்து மேனேஜர் ஏற்கெனவே ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு அலைந்தார், பொத்தானை அழுத்தினால் பாட்டும் பாட்டும் தானாகச் சேர்ந்துகொள்ளுமாம். பொத்தான் அமுக்க நான் எதற்கு, லிஃப்ட்டில் போகிற யாரையாவது கூப்பிடுங்கள் என்று அத்தான் சொல்லி அனுப்பிவிட்டார். காது விஷயம் தெரிந்தால் அந்த மேசையும் இரண்டு பிளேயர்களும் ஓரமாகப் போய்விடும். யாரும் அவரை விரட்ட மாட்டார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அதுதான் அவருக்குப் பயம்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். மண்டபத்தைக் கேட்க வேண்டிய காதே இல்லாமல் அவர் எப்படி வாரா வாரம் தாளம் பிசகாமல் பாட்டை மாற்றுகிறார்?

மண்டபத்தில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஆட வருகிறவர்கள் பாதிப் பேர் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்கள். பளபளவென்று வெள்ளை ஷூவைப் பையில் போட்டுக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வருவார்கள். தெருவில் அந்த ஷூ படவே கூடாது. என் மேசையில் வந்து மாற்றிக்கொண்டு, போட்டு வந்த செருப்பையும் கோட்டையும் கொடுத்து டோக்கன் வாங்குவார்கள். கறை பட்ட ஷூ இருந்தால் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுப்பேன். பஸ் டிரைவர் ஒருவர், ஒரு காலத்தில் தலைகீழாக நின்று பம்பரமாகச் சுற்றியவர், இப்போது முதுகில் மட்டும் சுற்றுவார். பல் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் காலை வீசுவாள். என் மேசை அத்தானுக்கு நேர் எதிரே, சுவர் ஓரமாக, விளக்குக்குக் கீழே. நான் ஆட மாட்டேன். என்னை யாரும் கேட்டதும் இல்லை.

ஒரே ஒரு ஞாயிறு எனக்குக் காய்ச்சல். ஆம்பிளிஃபயர் ரிப்பேர் என்று சொல்லி அத்தான் அன்றைக்கு ஆட்டத்தையே ரத்து செய்தார். ஆம்பிளிஃபயர் எங்கள் வீட்டில் நல்லபடியாகப் பாடிக்கொண்டிருந்தது. அவர் என்மேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மேனேஜர் என் மேசையை மாடிப்படிக்குப் பக்கத்தில் தூக்கிப் போட்டார். அவசர வழியை மறைக்கிறதாம். படிக்கட்டுப் பக்கமிருந்து மண்டபம் தெரியாது, கேட்க மட்டும் கேட்கும். அத்தான் வந்து பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போனார்.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவது பாட்டு வந்து சேர்ந்தபோது, ஒல்லியான வாசலில் இரண்டு குண்டர்கள் ஒரே நேரத்தில் நுழைந்த மாதிரி இருந்தது. கூட்டம் சிரித்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் இடித்தது. மூன்றாவது தடவை மேளம் மேளத்தின் மேல் விழுந்து உருண்டு, எல்லாமே நின்றுவிட்டது. அந்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை சத்தமே இல்லாமல் இருந்து நான் கேட்டதில்லை. எட்டிப் பார்த்தேன். பஸ் டிரைவர் சுற்று பாதியில் நின்று, மல்லாந்த கரப்பான் பூச்சி மாதிரி தரையில் கிடந்தார்.

"டிங்கர், கார் கதவுன்னு நினைச்சுத் தட்டிட்டீங்களா?" என்றாள் நர்ஸ். மேனேஜர் மடிக்கணினியைத் தேடிப் போனார்.

அத்தான் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி என்னிடம் வந்தார்.

"பாப்பா, உள்ள வந்து உக்காரு."

"கோட்டெல்லாம் இருக்கே அத்தான்."

"கோட்டு எங்கயும் ஓடாது. எனக்கு இடது காது கேக்கல."

"தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். "என்ன தெரியும்? உன் காலைப் பாத்துத்தான் இத்தனை நாளா ஓட்டுறேன், அது தெரியுமா?"

எனக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் என் கால் ஆடிக்கொண்டிருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. அவ்வளவு பேர் ஆடுகிறார்களே, அவர்களுடைய காலைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன்.

"அவங்க அடுத்தவன் பாக்கணும்னு ஆடுறாங்க. பாதித் தாளத்துல நிப்பாங்க, இரட்டைத் தாளத்துல குதிப்பாங்க. நீ யாரும் பாக்கலன்னு நினைச்சு ஆடுற. அதுல தப்பே வராது."

போனேன். பிளேயர்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் மறைக்கவில்லை. இந்தக் காது செத்துப்போச்சு, இனிமே இவ கால்தான் என் காது, இஷ்டம் இருந்தா ஆடுங்க என்று மைக்கில் சொல்லிவிட்டு முதல் பாட்டைத் தொடங்கினார். என் கால் சிமெண்டில் புதைத்த மாதிரி நின்றது. வலுக்கட்டாயமாக ஆட்டினேன், அது வேறு எங்கேயோ போனது. அத்தான் கையைத் தட்டின் மேல் வைத்தபடி காத்திருந்தார். பாட்டு முடிவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வழக்கம்போல டீ பிளாஸ்க்கோடு அக்கா வந்தாள். மைக்கில் சொன்னது அவளுக்குப் படியிலேயே கேட்டிருக்கிறது. நேராக வந்து அவருடைய இடது பக்கத்தில் நின்று என்னவோ சொன்னாள். அவர் திரும்பவில்லை. இந்தத் தடவை அவள் கோபப்படவில்லை. சுற்றி வந்து வலது பக்கம் நின்றாள், ஹெட்போனை விலக்கினாள்.

"அப்ப நான் இத்தனை நாள் திட்டினது ஒண்ணுமே உங்களுக்குக் கேக்கலையா?"

"பாதி கேட்டுச்சு."

"மீதியை வீட்டுக்கு வாங்க, முதல்லேர்ந்து சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "நீ என்னடி கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருக்க? வேலையப் பாரு." படியோரத்து மேசையிலிருந்து கறை பட்ட ஒரு ஷூவையும் டூத்பிரஷ்ஷையும் எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

ஷூவின் ஓரத்தில் தாரோ கிரீஸோ, பிடிவாதமான கறை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. சாய்த்துப் பிடித்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது மண்டபம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது வேறு பாட்டு. அது எப்போது வந்து சேர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. பஸ் டிரைவர் முதுகில் சுற்றிக்கொண்டிருந்தார். அத்தான் என் பாதத்தையே பார்த்துக்கொண்டு, அடுத்த தட்டைப் பின்னால் சுற்றினார்.

நான் சட்டென்று குனிந்து மறுபடி கறையைத் தேய்க்க ஆரம்பித்தேன்.