வைட்டமின் டப்பா

தலைப்பிரசவத்துக்குப் பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த என் தங்கைக்கு, குழந்தை பிறந்த பிறகு மனநோய் வந்தது. இங்கேயே வைத்தியம் பார்த்தோம். குணமானதும் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் மலைக்கிராமத்திலுள்ள புகுந்த வீட்டுக்கு அனுப்பினோம். அந்தப் பக்கம் மனநல மருத்துவர் யார் இருக்கப்போகிறார் என்று நானே முடிவுசெய்து, மாதாமாதம் மாத்திரை வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அங்கே யாருக்கும் தெரியக் கூடாதென்று, அட்டையிலிருந்து பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுவிடுவேன்.

போன கோடையில் அவளுக்கு இரண்டு நாள் வாந்திபேதி. துவண்டு கிடந்தவளுக்கு, சத்து மாத்திரைதானே என்று மாமியார் வேளைக்கு இரண்டு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். கை நடுங்கி, பேச்சு குழறியதும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனார்கள். டப்பாவைத் திறந்து பார்த்த நர்ஸ் எனக்குப் போன் செய்தார்.

"இது வைட்டமின் இல்லக்கா. என்ன மாத்திரைன்னு மறைக்காம சொல்லுங்க."

சொன்னேன். உடனே ஆம்புலன்ஸில் ஓசூருக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மாமியார் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"சொல்லியிருந்தா தொரத்திடுவேன்னு நெனச்சியாம்மா?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தாலுகா ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் மனநல மருத்துவர் வருகிறார் என்பதும் அந்த நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. விசாரித்தால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று நான் விசாரித்ததே இல்லை. இப்போது நான் மாத்திரை அனுப்புவதில்லை. மாமியார்தான் அவளைக் கூட்டிப்போகிறார். மருந்துச் சீட்டும் அவரிடம்தான் இருக்கிறது.