மாப்பிள்ளையின் காலில் லோரிக் கயிறு

தோட்டத்தை மூடிய பிறகு, ரப்பர் சீட்டுக்குப் புகை போட்ட கொட்டகை கூரையில்லாமல் கிடந்தது. அதைக் குதிரை லாயமாக்கியவன் நான். முழங்கால் புதைகிற சதுப்பில் கான் வெட்டித் தண்ணீரை ஆற்றுக்குத் திருப்பியவன் நான். வேலி நான் போட்டது. கிணறு நான் தோண்டியது. பந்தயத்தில் ஓடி முடித்து யாருக்கும் வேண்டாத குதிரைகளை ஈப்போவிலிருந்து ஏற்றிவந்து, கடிக்கிறதையும் உதைக்கிறதையும் வாங்கிக்கொண்டு மனுசனோடு பழக்கியவனும் நான்தான். "குதிரையெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்லா, இவனைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்க" என்று காப்பிக்கடையில் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவன் என்ன செய்துவிடுவான் என்ற சிரிப்பு அது. இன்றைக்குப் பன்னிரண்டு குதிரைகள் நிற்கின்றன. சிரித்தவர்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து படம் பிடிக்கிறார்கள்.

பெருமை அடிக்கிறேன் என்பீர்கள். அடிக்கிறேன். செய்தவன் அடிக்கலாம்.

என் லாயத்தில் குதிரை வைத்திருக்கும் இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வம்சம். ஊருக்கே அவர் மிஸ்ஸி. மண்டை உடைந்து வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, ஹெல்மெட் இல்லாமல் குதிரைக்குப் பக்கத்தில்கூட யாரையும் விடமாட்டார். சாணி அள்ளும்போதும் ஹெல்மெட் போட்டிருப்பார். மற்றவன் என் மச்சான். சொந்தம் இல்லை, சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவோம். லோரி ஓட்டி, லோரி வாங்கி முன்னுக்கு வந்தவன். அவனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. வெறும் செலிப்பார் செருப்போடு குதிரை ஏறுவான்.

நான் இரண்டும் இல்லை. எனக்குக் குதிரையின் காது போதும். காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பேன். அதற்காக மிஸ்ஸியிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

"காதைப் பார்த்துக்கொண்டே நிண்டால் மண்டை தப்பாது அண்ணை."

"மண்டைக்கு மூடி போட்டா மட்டும் குதிரை நின்னுடுமா மிஸ்ஸி?"

இப்படியே போகும்.

போன வருடம் மச்சானின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. தோட்டத்துக் கோயிலில்தான் வைத்தான். மாப்பிள்ளை குதிரையில் வரவேண்டும், முன்னால் உறுமி மேளம் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பையன் அதுவரை குதிரை ஏறியதில்லை. மிஸ்ஸி வேண்டாம் என்றார். நான் முடியும் என்றேன், ஆனால் என் சொல்படி. சிவப்புப் பெண்குதிரையைத் தேர்ந்தெடுத்தேன். மேளக்காரர்களை லாயத்துக்கு வரவழைத்து, முதலில் தூரத்தில் அடிக்கச் சொல்லி, பிறகு பக்கத்தில் அடிக்கச் சொல்லிப் பழக்கினேன். கடைசியில் உறுமிச் சத்தத்தில் அது நின்றபடியே தூங்கியது. மச்சானிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பட்டாசு கூடாது.

"சரி மச்சான், சரிலா" என்றான்.

மிஸ்ஸியும் ஒன்று கேட்டார். ஹெல்மெட். மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். "மாப்பிள்ளை என்ன மோட்டார் சைக்கிள்லயா வாரான்?" மிஸ்ஸி விடவில்லை. சிறிய ஹெல்மெட் ஒன்றை வாங்கி, அதன்மேலேயே பட்டுத் தலைப்பாகையைச் சுற்றித் தைத்துக்கொண்டுவந்து பையன் தலையில் வைத்தார். தலை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. "பூசணிக்காய் மாதிரி இருக்கு ஆன்ட்டி" என்றான் பையன். "பூசணிக்காய் உடையாமல் இருக்கத்தான்" என்றார் மிஸ்ஸி.

கல்யாணத்தன்று காலையில் ஊர்வலம் புறப்படும் முன்பு பாதையைப் பார்க்கப் போனேன். மழையில் பாலத்துப் பக்கம் மண் அரித்திருந்தது. பலகை போட்டு மூடிவிட்டுத் திரும்பி வந்தபோது பையனை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். பட்டு வேட்டி பாதம்வரை தொங்கியது. மச்சான் வலப்பக்கம் சரிகைக் குடை பிடித்தான். நான் இடப்பக்கம் பிடிகயிற்றை வாங்கிக்கொண்டேன். மிஸ்ஸி எனக்குப் பின்னால். மேளம் கிளம்பியது.

குதிரை அருமையாக நடந்தது. சனம் இரண்டு பக்கமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது. செம்பனை மரங்களுக்கு நடுவே பாதி தூரம் வந்திருப்போம். பையன் குனிந்தான்.

"மாமா, கால் மரத்துப்போச்சு."

"காலை அசைச்சுக்க."

"அசைக்க முடியல மாமா. அப்பா கட்டிட்டாரு."

வேட்டியை விலக்கினேன். கணுக்காலையும், சேணத்தில் பாதம் நுழைக்கிற கால் வளையத்தையும் சேர்த்து, லோரிக்குக் கட்டும் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.

குதிரையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விழுவது ஆபத்தில்லை. விழ முடியாமல் தொங்குவதுதான் ஆபத்து. ஓடுகிற குதிரையின் பின்னங்காலுக்கடியில் தலை கிடக்கும். அப்புறம் ஹெல்மெட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

சத்தம் போட முடியாது. போட்டால் குதிரை மிரளும். சட்டென்று நிறுத்தவும் முடியாது, பின்னால் நூறு பேர் நெருக்கிக்கொண்டு வருகிறார்கள். நடந்துகொண்டே, குதிரையின் கழுத்துக்குக் கீழே குனிந்து, மச்சானைக் கூப்பிட்டேன்.

"காலை ஏன்டா கட்டினே?"

"விழக்கூடாதுன்னுதான். நாப்பது வருசம் லோரி ஓட்டியிருக்கேன், ஒரு சாமான் விழுந்ததில்ல மச்சான்."

"அவிழ்த்து விடு."

"ஊரே பாக்குது. கோயில் வரைக்கும் பேசாம வா."

அப்போது என் கையிலிருந்த கயிற்றில் ஒரு விறைப்பு வந்தது. குதிரையின் இரண்டு காதும் முன்னால் நேராக நின்றன. பார்த்தேன். வளைவில், செம்பனை மட்டையிலிருந்து தரைவரை சிவப்பாக ஒன்று தொங்கியது. பட்டாசுச் சரம்.

மச்சான் முகம் மாறியது. "வளைவுக்கு வந்ததும் கொளுத்தச் சொல்லிட்டேன்" என்றான். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைபேசியை எடுத்து அழுத்தினான். அந்த மேளச் சத்தத்தில் அங்கே யாருக்குக் கேட்கும்?

பிடிகயிற்றை மிஸ்ஸியிடம் கொடுத்தேன். "கையில சுத்தாதீங்க. மெதுவா நடங்க." முன்னால் தேங்காய் உடைத்துக்கொண்டு வந்தவனிடமிருந்து பாராங் கத்தியைப் பிடுங்கினேன். கத்தி முனையைக் கயிற்றுக்கும் வளையத்துக்கும் நடுவே விட்டு, வெட்டுகிற பக்கம் வெளியே பார்க்க நெம்பினேன். நைலான் லேசில் அறுபடாது. மூன்றாவது நெம்பலில் அறுந்தது.

ஒரு கால்தான் விடுபட்டது. இப்போதுதான் இன்னும் மோசம். விழுந்தால் அடுத்த காலில் தலைகீழாகத் தொங்குவான். குதிரைக்கு முன்னால் சுற்றி வலப்பக்கம் போனேன். மச்சான் குறுக்கே நின்றான்.

"அறுத்துட்டா விழுந்துடுவான் மச்சான்!"

"விழட்டும்டா! உன் மகன் என்ன சாமானா?"

தள்ளிவிட்டேன். என் வாழ்க்கையில் அவனை நான் தொட்டுத் தள்ளியது அன்றைக்குத்தான். வளைவு நெருங்கிவிட்டது. ஒருவன் குனிந்து நெருப்பு வைப்பது தெரிந்தது. கயிறு பாதி அறுந்தது, பிறகு கத்தி வழுக்கி என் கட்டைவிரலில் இறங்கியது. ரத்தத்தில் பிடி வழுக்கியது. பையன் மேலிருந்து "மாமா, மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு கையாலும் நெம்பினேன். அறுந்தது. காலை வளையத்திலிருந்து உருவிவிட்டேன்.

வெடித்தது.

குதிரை முன்னங்கால் இரண்டையும் தூக்கியது. மிஸ்ஸி கயிற்றை விட்டுவிட்டார். விட்டதுதான் சரி. அடுத்த நொடி அது பக்கவாட்டில் பாய்ந்தது. பையன் தூக்கி எறியப்பட்டுக் கானோரச் சிமெண்ட் திட்டில் விழுந்தான். தலை மோதிய சத்தம் பட்டாசையும் தாண்டிக் கேட்டது. குதிரை செம்பனைக்குள் போய் மறைந்தது.

மிஸ்ஸிதான் முதலில் ஓடினார். யாரையும் தொடவிடவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைப் பார்த்தார், பேர் கேட்டார், விரலை அசைக்கச் சொன்னார். பையன் அசைத்தான். தலைப்பாகைக்குள் ஹெல்மெட் பிளந்திருந்தது. தலையில் கீறல்கூட இல்லை. மணிக்கட்டு மட்டும் உடைந்திருந்தது. முகூர்த்தம் போகிறது என்று பெரியவர்கள் முனகினார்கள். "முகூர்த்தம் திரும்பி வரும்" என்று மிஸ்ஸி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டு அவனைக் காரில் ஏற்றினார். அடுத்த முகூர்த்தத்தில், கட்டுப்போட்ட கையோடு தாலி கட்டினான். மீதி முடிச்சை அவன் தங்கச்சி போட்டாள்.

அன்றைக்குக் கார் கிளம்பியதும் நான் குதிரையைத் தேடிப் போனேன். ஆற்றோரம் நடுங்கிக்கொண்டு நின்றது. சேணம் முழுசாகச் சுழன்று வயிற்றுக்கடியில் தொங்கியது. வலப்பக்கக் கால் வளையத்தை அதன் குளம்புகள் மிதித்து மிதித்து நசுக்கியிருந்தன. இரும்பு. அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கால் அதிலே இருந்திருந்தால்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லாயத்து வாசலில் மச்சான் பலகை மாட்டியிருக்கிறான். பிளந்த ஹெல்மெட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'இது ஓர் உயிரைக் காப்பாற்றியது' என்று எழுதி, மிஸ்ஸிக்கு நன்றியும் சொல்லியிருக்கிறான். உண்மைதான். மிஸ்ஸியை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இப்போதெல்லாம் நானே ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் ஏறுகிறேன், அவர் முன்னால் மட்டுமல்ல. ஆனால் கயிற்றைப் பற்றி அந்தப் பலகையில் ஒரு எழுத்து இல்லை. கேட்டதற்கு, "அறுத்தது நீன்னு எழுதினா, கட்டினது யாருன்னு கேப்பாங்க மச்சான்" என்றான்.

அவன் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. மகன் மேல் உள்ள பாசத்தில்தான் கட்டினான். ஆனால் போன வாரம் புதிதாகக் குதிரை வாங்கிய ஒருவர், மகளைச் சேணத்தில் உட்கார வைத்து இடுப்பு பெல்ட்டால் கட்டிக்கொண்டிருந்தார். "மகளுக்கு ஹெல்மெட் போட்டாச்சு அண்ணே, பலகையைப் படிச்சுட்டுத்தான் போட்டேன்" என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார். நான் போய் அவிழ்த்தேன். நாளைக்கு நான் இல்லாத நேரத்தில் யார் அவிழ்ப்பது?

அதனால் சொல்கிறேன். மச்சான், நீயும் இதைப் படிப்பாய். ஹெல்மெட்டுக்குக் கீழே இன்னொரு பலகை மாட்டு. குதிரைமேல் யாரையும் எதைக் கொண்டும் கட்டாதே என்று எழுது. கட்டியது யார் என்று எழுத வேண்டாம், அதை உனக்காக விட்டுத் தருகிறேன். அறுத்தது யார் என்பதை விட்டுத் தரமாட்டேன். அறுத்தவன் நான். பெரிய எழுத்தில் எழுது.