கலெக்டர் துரை நட்ட அம்மன்

"ஏம்மா, வெள்ளைக்காரத் துரை எழுத்து உனக்கெங்க புரியப்போவுது?" என்றார் சித்தூர் ரிக்கார்டு ரூம் கிளார்க். பழைய கலெக்டர் ஒருவரின் கடிதங்களை டைப் செய்யும் வேலை கேட்டு, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்த நான் போயிருந்தேன். சோதித்துப் பார்க்க ஒரு கடிதத்தை நீட்டினார்.

படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் தவறான இடத்தில் நட்ட சர்வே கல்லைப் பிடுங்கப் போனால், ஜனங்கள் அதற்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைத்துவிட்டார்கள் என்று மேலதிகாரியிடம் புலம்பியிருந்தார் துரை. கல்லை அப்படியே விட்டுவிட்டாராம். அதுதான் எங்கள் எல்லையம்மன்!

விளக்கிச் சொன்னதும் கிளார்க்கும் சிரித்தார். வேலை கிடைத்தது.

பெங்களூரில் கட்டட வேலையிலிருந்த அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, போன் செய்தேன். "வருசா வருசம் பொங்கல் துன்னுக்கினு இருக்கோம், நட்டவர கூப்பிடவே இல்லியே!" என்றார்.

துரையையே பின்வாங்க வைத்தவர்களின் பெண் நான். கடிதங்களை டைப் செய்து முடித்ததும், அம்மனுக்கு மஞ்சள் பூசிவிட்டு, திருப்பதியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டேன்.